தோற்கும் படையில் நின்றவர்கள்: வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதையும் சங்ககிரி மலையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேசிவிட்டு அமர்வது பொது வழக்கம். மறைந்தவர் எந்தக் கேள்வியோடு வாழ்ந்தாரோ, அந்தக் கேள்வியை ஓரடியாவது முன்னே நகர்த்துவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாம் கருதுகிறோம். எனவே இந்த உரைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். தோற்பது உறுதி என்று தெரிந்த போரில் சாதாரண சனங்கள் ஏன் போய்ச் சேருகிறார்கள்? அப்படிச் சேர்ந்தவர்களில் நம் மக்கள் எங்கே நின்றார்கள்? அவர்களை நாம் எப்படி எழுதப்போகிறோம்?

இந்தக் கேள்விக்குள் நுழைய அறிவியல் புனைகதையின் வாசலைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். காரணம் எளிமையானது. இன்றைய மாணவர்கள் கட்டபொம்மனைப் பாடப்புத்தகத்தில் ஒருமுறை படிக்கிறார்கள். வேற்றுக்கிரகப் படையெடுப்பைத் திரையில் ஐம்பது முறை பார்க்கிறார்கள். அந்தப் படங்களின் அமைப்பு நமக்கு மனப்பாடம். வானத்திலிருந்து கப்பல் இறங்கும். அரசின் ராணுவம் ஒரே நாளில் சாம்பலாகும். பிறகு வாத்தியார், ஓட்டுநர், பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூடப் பையன் என்று எல்லோரும் ஆயுதம் எடுப்பார்கள். மனித இனம் முழுவதும் ஒரே குடும்பமாகிவிடும். அந்தக் குடும்பத்தில் யார் தண்ணீர் சுமந்தது, யார் பிணம் புதைத்தது, யாருடைய வீட்டுத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்ற பேச்சே அங்கு எழாது. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலம் என்று சொல்லத்தக்கது எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்'. 1897இல் இதழில் தொடராக வந்து 1898இல் நூலானது. செவ்வாய்க் கிரகத்தவர்கள் இங்கிலாந்தின் வோக்கிங் ஊருக்கு அருகே ஒரு பொட்டலில் இறங்குகிறார்கள். சமாதானம் பேச வெள்ளைக்கொடியோடு போன குழுவை வெப்பக் கதிரால் எரிக்கிறார்கள். மூன்று கால் இயந்திரங்களில் ஏறி லண்டனை நோக்கி நடக்கிறார்கள். கறுப்புப் புகையை அடித்து ஊர்களைக் காலி செய்கிறார்கள். அன்றைய உலகின் மிகப்பெரிய சாம்ராஜ்ஜியத்தின் தலைநகரம் அகதிக் கூட்டமாகிறது.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதை வெல்ஸ் மறைக்கவில்லை. நூலின் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியர்களைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது ஆண்டுக்குள் அந்த மக்களை அழித்தார்களே, அதே மனநிலையோடு செவ்வாய்க்காரன் நம்மிடம் வந்தால் குறைசொல்ல நாம் யார் என்பது அவர் கேட்கும் கேள்வி. டாஸ்மேனியாவில் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கியது 1803இல். 1820களில் அங்கே 'கறுப்புப் போர்' என்று அழைக்கப்பட்ட படுகொலைகள் நடந்தன. 1830இல் சிப்பாய்களும் கைதிகளும் குடியேறிகளும் வரிசையாக நின்று, காட்டில் வேட்டை விலங்கை விரட்டுவதுபோல அம்மக்களைத் தீவின் ஒரு மூலைக்கு விரட்டப் பார்த்தார்கள். அந்த மக்கள் முற்றிலும் அழிந்துவிட்டார்கள் என்று வெல்ஸ் நம்பினார், அது தவறு. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் நில உரிமைக்காகப் போராடுகிறார்கள். 'அழிந்துபோனவர்கள்' என்று எழுதப்பட்ட பிறகும் உயிரோடிருப்பது எப்படி என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல.

ஆக, வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதை என்பது காலனியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட கதை. படையெடுத்தவன் ஒரு நாள் தன்னையே படையெடுக்கப்பட்டவனாகக் கனவு கண்டு பயந்த கதை. அந்தப் பயத்தை நம் முன்னோர்கள் கனவில் காணவில்லை, கண்ணால் கண்டார்கள்.

நாம் நிற்கும் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியை எடுத்துக்கொள்வோம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் இங்கு முதல் கலெக்டராக வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. துப்பாக்கிக்குப் பின்னால் அளவுச்சங்கிலி வந்தது. வயல் வயலாக அளந்து, தரம் பிரித்து, பெயர் எழுதி, தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை பிறந்த மண் இதுதான்.

இங்கு ஒரு தவறான படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வில்லும் வேலும் வைத்திருந்தவர்கள் பீரங்கி வைத்திருந்தவர்களிடம் தோற்றார்கள் என்று மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மைசூர்ப் படையிடம் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் இருந்தன. 1780இல் பொள்ளிலூரில் கும்பினிப் படை அந்த ராக்கெட்டுகளை எதிர்கொண்டு படுதோல்வி அடைந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின; அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் பிரிட்டிஷ் ராக்கெட்டை உருவாக்கினார். எனவே கும்பினியை வெல்ல முடியாத படையாக்கியது கருவி மட்டும் அல்ல. மாதாமாதம் கிடைக்கும் சம்பளம், கவாத்துப் பயிற்சி, கடன் வாங்கும் வசதி, கடல் வழியே தொடர்ந்து வரும் தளவாடம், நிலத்தைக் காகிதத்தில் பிடித்து வைத்திருக்கும் கணக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்த இயந்திரம் அது. ஒரு பட்டாளத்தைத் தோற்கடித்தால் அடுத்த மாதம் இன்னொரு பட்டாளம் வரும். பாளையக்காரருக்கோ இழந்த ஆளை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும். வெல்ஸின் மூன்று கால் இயந்திரத்தை விடப் பயங்கரமானது இந்த இயந்திரம்.

அதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் நமக்கு நேர் மேற்கே இருக்கும் சங்ககிரி மலையில் தூக்கிலிடப்பட்டார். தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31. காவிரிக் கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று அடுத்தடுத்துக் கும்பினியை எதிர்த்தவர் அவர். 1799இலேயே திப்பு விழுந்தாயிற்று, கட்டபொம்மன் தூக்கிலேறியாயிற்று. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குப் பிறகும் போரிட்டவர்களுக்கு முடிவு என்னவென்று தெரியாமல் இருந்திருக்க முடியாது.

சின்னமலையோடு நின்றவர் பொல்லான். அருந்ததியர். வாய்மொழி மரபு அவரை இப்படிச் சொல்கிறது: கும்பினி முகாமில் செருப்புத் தைத்துக்கொண்டே அங்கு நடக்கும் பேச்சைக் கேட்டு, செருப்பின் அடித்தோலுக்குள் செய்தியை வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு அனுப்பினார், கண்டுபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அரசு அவருக்கு நினைவரங்கம் எழுப்ப முன்வந்ததற்குப் பின்னால் அருந்ததியர் இயக்கங்களின் பல ஆண்டுக் கோரிக்கை இருக்கிறது.

இந்தக் கதையைச் சமூகவியல் கண்ணோடு கேட்டுப் பாருங்கள். ஒற்றன் மாறுவேடம் போட வேண்டும் என்பது ராஜா கதைகளின் விதி. பொல்லானுக்கு வேடம் தேவைப்படவில்லை. குனிந்து செருப்புத் தைக்கும் ஒருவனை யாரும் மனிதனாகப் பார்க்கவில்லை. அவன் காதில் விழுந்தால் என்ன என்று யாரும் கவலைப்படவில்லை. தீண்டாமை அவனைக் காணாமல் ஆக்கியிருந்தது. அந்தக் காணாமையையே அவன் ஆயுதமாக்கினான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் படை தோல் இல்லாமல் நகராது. குதிரைச் சேணம், வாள் உறை, மருந்துப் பை, கச்சை, செருப்பு எல்லாம் தோல். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பறியும் தோல்தான். இரண்டு தரப்புப் படைகளும் நம் மக்களின் உழைப்பின் மேல்தான் நடந்தன. வரலாறு வாளை எழுதியது, உறையை எழுதவில்லை.

அதே மரபு, சின்னமலை பிடிபட்டதற்கு ஒரு சமையல்காரரின் துரோகத்தைக் காரணமாகச் சொல்கிறது. விசுவாசத்துக்கு ஒரு ஏவலாள், துரோகத்துக்கு இன்னொரு ஏவலாள். இருவருக்கும் என்ன காரணம் இருந்தது என்று கதை கேட்பதில்லை. எசமானுக்கு மட்டுமே லட்சியம் உண்டு, ஏவலாளுக்குக் குணம் மட்டுமே உண்டு என்ற பார்வை அது. நாம் எழுதும்போது முதலில் உடைக்க வேண்டியது இதைத்தான்.

தெற்கே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போவோம். 1799இல் கட்டபொம்மனின் படையில் நின்று உயிர்விட்ட சுந்தரலிங்கத்தைத் தேவேந்திரகுல மக்கள் இன்றும் போற்றுகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் பூலித்தேவன் படையில் நின்ற ஒண்டிவீரனுக்கு 2022இல் அஞ்சல்தலை வெளியானது. இவர்களையாவது பெயரோடு அறிவோம். பெயரில்லாதவர்கள் 1801இல் வருகிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வருகிறார். கும்பினி இடித்துப்போட்ட கோட்டையைச் சனங்கள் கூடி ஒரு சில நாட்களில் மறுபடி எழுப்பிவிடுகிறார்கள். மண்ணைக் குழைத்து, வைக்கோலைச் சேர்த்து, கை மாற்றிக் கை கொடுத்துக் கட்டிய கோட்டை. அந்தப் போரில் கும்பினித் தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்புகளில் அந்த வேகத்தை வியப்போடு பதிவு செய்கிறார். மார்ச் இறுதியில் நடந்த பெருந்தாக்குதலை அந்த மண்சுவர் தாங்கியது. மே 24இல்தான் வீழ்ந்தது.

வெல்ஷ் இன்னொரு செய்தியையும் எழுதுகிறார். சண்டை முடிந்த இரவில் ஒரு தாய் பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடுகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். அருகில் ஊமைத்துரை காயத்தோடு கிடக்கிறார். என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று மகன் சொல்ல, அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தேடிவந்த படையாட்களிடம் அம்மை கண்டு இறந்த உடல் என்று சொல்லித் துணி போர்த்தி மறைக்கிறாள். அம்மை என்ற சொல் எந்தத் துப்பாக்கியையும் பின்வாங்க வைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோட்டையை இடித்தவர்கள் பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே பதிவேட்டிலிருந்து அழிக்க உத்தரவிட்டார்கள். ஊரின் பெயர் பிழைத்துக்கொண்டது. தாயின் பெயர் எதிரியின் புத்தகத்திலும் இல்லை, நம் பாட்டிலும் இல்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். இதைப் பேசாமல் விட்டால் இந்த உரை மேடைப் பேச்சாகிவிடும்.

1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை திருச்சியில் ஒட்டப்பட்டது. அந்நியருக்கு எதிராக எல்லோரையும் அழைத்த அந்த அறிக்கை, யாரை விளிக்கிறது? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று விளிக்கிறது. இந்த வரிசைக்கு வெளியே இருந்தவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படவில்லை. அழைக்கப்படாத விருந்துக்கு நம் மக்கள் போனார்கள். உயிரையும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

எதிர்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கும்பினியின் சென்னைப் படையில் பறையர் வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். 1780இல் தொடங்கப்பட்ட பயனியர் பிரிவில், பாதை போட்டு, பாலம் கட்டி, கோட்டைச் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். மேற்கே 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கும்பினிப் படையில் மகர்கள் இருந்தார்கள். அந்த நினைவுத்தூணுக்கு அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று சென்றார். கும்பினிப் படையில் சேர்ந்ததைத் துரோகம் என்று ஊர் சொல்லும். ஊர் வழியே நடக்கக்கூட உரிமையில்லாதவனுக்குச் சீருடையும் சம்பளமும் கொடுத்தது யார் என்று நாம் திருப்பிக் கேட்போம். கேட்டுவிட்டு அடுத்ததையும் சொல்வோம்: நன்றி அங்கேயும் கிடைக்கவில்லை. 'போர்க்குணச் சாதிகள்' என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்து, 1890களில் மகர்களுக்குப் படையின் கதவை அதே ஆங்கிலேயர் சாத்தினார்கள்.

நிலத்திலும் இதே கதைதான். ரயத்துவாரியில் பட்டா, ஏற்கெனவே நிலத்தைப் பிடித்திருந்தவர் கைக்கே போனது. பண்ணையாளுக்குப் பண்ணையே மிஞ்சியது. அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி சொன்னது 1843இல்தான். பஞ்சமி நிலம் என்று ஒரு துண்டு ஒதுக்க 1892 ஆனது. அதையும் பிறகு யார் விழுங்கினார்கள் என்பது இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லாத விஷயம்.

எனவே நம் மக்களுக்கு இரண்டு படையெடுப்புகள். ஒன்று கடல் வழியே வந்தது. மற்றொன்று ஊருக்குள்ளேயே முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. படையெடுப்புப் படங்களில் வரும் 'நேற்று வரை நிம்மதியாக இருந்த ஊர்' நம் கதையில் கிடையாது. இந்த நிலையில் இருந்தவர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அதை விசுவாசம் என்றோ துரோகம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. பிடிமானம் ஒரு காரணமாகலாம்; எசமான் போனால் ஆளும் போக வேண்டும். எரிகிற ஊரில் சேரியும் எரியும் என்பது இன்னொரு காரணமாகலாம். கூட நின்று சண்டை போட்டால் நாளைக்குக் கூட உட்காரலாம் என்ற நம்பிக்கை மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் நம்மை இன்றும் உலுக்குவது.

அந்த நம்பிக்கை என்ன ஆகும் என்பதை ஒரு கறுப்பின அறிஞர் கதையாகவே எழுதியிருக்கிறார். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1920இல் வெளியிட்ட 'வால்நட்சத்திரம்' என்ற கதை. வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்றில் நியூயார்க் நகரம் செத்துக் கிடக்கிறது. ஒரு கறுப்பின ஊழியனும் ஒரு வெள்ளைப் பணக்காரப் பெண்ணும் மட்டும் மிஞ்சுகிறார்கள். நிறக்கோடு அழிகிறது, இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்போது நகருக்கு வெளியே பிழைத்த அவளுடைய மனிதர்கள் வந்து சேர்கிறார்கள். அடுத்த கணமே அவன் பழைய இடத்துக்குத் தள்ளப்படுகிறான். எண்பது ஆண்டுக்கு மேல் கழித்து அந்தக் கதை நம் கடற்கரையில் நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாமிலும் பொருள் விநியோகத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கடல் சாதி பார்க்காமல் அடித்தது. முகாமில் சாதி பார்த்தார்கள்.

வெல்ஸின் நாவலிலும் இதற்கு ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது. நாவலின் பிற்பகுதியில் ஒரு பீரங்கிப்படை வீரன் வருகிறான். லண்டனின் சாக்கடைக் குழாய்களுக்குள் ஒளிந்து எதிர்ப்புப் படை கட்டலாம் என்று திட்டம் சொல்கிறான். திடகாத்திரமானவர்களை மட்டும் சேர்ப்போம், பலவீனமானவர்கள் சாகட்டும் என்கிறான். குழி தோண்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மண்வெட்டியைப் போட்டுவிட்டு மது குடிக்கவும் சீட்டாடவும் உட்காருகிறான். இந்த ஆளை நமக்குத் தெரியும். சாக்கடையில் இறங்குவது அவனுக்கு வீரக் கற்பனை. மலக்குழி மரணத்தைத் தடுக்க 2013இல் சட்டம் வந்த பின்னும் அதில் இறங்கிச் சாகிறவர்களுக்கு அது வேலை. யார் தோண்டுவது என்ற கேள்விக்கு எதிர்ப்புப் படை என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் அதன் எதிர்காலம் தெரிந்துவிடும்.

வெல்ஸ் கதையில் கடைசியில் படையெடுத்தவர்களை நுண்கிருமிகள் கொன்றுவிடுகின்றன. நம் கதையில் அப்படி எந்தக் கிருமியும் வரவில்லை. அப்படியென்றால் தோற்ற எதிர்ப்பால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பது நியாயம். 1801 டிசம்பரில் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே கும்பினி தடை செய்தது. அத்தனை பயம் அவர்களுக்கு இருந்தது என்பது ஒரு பயன். ஆனால் பெரிய பயன் வேறு. முடியும், முடியாது என்ற கணக்குக்கு வெளியே நின்று ஒருவர் 'இல்லை' என்று சொன்னதை அடுத்த தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த போராட்டம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அந்த நினைவுக்குத்தான் இன்று ஆபத்து. ஆடிப்பெருக்கன்று சங்ககிரிக்குப் போய்ப் பாருங்கள். வீரர்கள் சாதிவாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மாலை போடுகிறவர் பக்கத்தில் நின்றவர் பெயரை உச்சரிப்பதில்லை. அம்பேத்கர் சிலையைக் கம்பிக்கூண்டுக்குள் வைத்திருக்கும் நாட்டில், மற்ற வீரர்களைச் சாதிக்கூண்டுக்குள் வைத்திருக்கிறோம். நம் பங்குக்கு நாமும் ஒரு கூண்டு செய்து பொல்லானை அதில் நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிடக்கூடாது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். எதிர்ப்பைப் பற்றிய எந்தக் கதையைப் படித்தாலும், எழுதினாலும், அது கட்டபொம்மனாக இருக்கட்டும், செவ்வாய்க் கிரகமாக இருக்கட்டும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதில் யார் அழைக்கப்பட்டார்கள், யார் அழைக்கப்படாமல் வந்தார்கள்? சுவரை யார் கட்டினார்கள், செய்தியை யார் சுமந்தார்கள், பிணத்தை யார் எடுத்தார்கள்? படையெடுப்புக்கு முந்தின நாள் இவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள்? வென்றிருந்தால் மறுநாள் எந்தத் தெருவில் இருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்விகளோடு உங்கள் ஊர்ச் சேரிக்குப் போங்கள். பாட்டனார்கள், பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். சங்ககிரி பற்றி, மலைக்கோட்டை பற்றி, பஞ்சம் பற்றி, படை போன பாதை பற்றி அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பொல்லானைப் பற்றி எழுதும்போது அவருக்குத் தோல் பதப்படுத்திக் கொடுத்த கைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பாஞ்சாலங்குறிச்சித் தாய்க்குப் பெயர் தேட முடியாது. இங்கே உங்கள் தெருவில் இருக்கும் தாய்க்குப் பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.